அடக்கத்துக்கு வைத்த ஊறுகாய்

மரணத்தின் முன்னால் மனிதன் வெறும் தூசு. அரசனானாலும் ஆண்டியானாலும், தன் நாள் எது என்று அறிந்து அதற்கு ஆயத்தமாகி நின்றவர் இந்தப் பூமியில் ஒருவருமில்லை. நார்டால் ஊர் லூத்தரன் சபையின் பாஸ்டர் ஒவ்வொரு அடக்க ஆராதனையையும் இப்படித்தான் தொடங்குவார். ஆகஸ்ட் மாதத்து அடக்கம் ஒன்றில் அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் காலுக்கு நேர் கீழே, சர்ச்சின் கீழ்த்தளச் சமையலறை ஃப்ரிட்ஜில், ஆர்டிஸ் க்வாமி அம்மாள் தன் சொந்த அடக்கத்துக்காகப் போட்டு வைத்த மூன்று வாளி வெள்ளரிக்காய் ஊறுகாய் குளிர்ந்துகொண்டிருந்தது.

அம்மாள் அப்போது உயிரோடுதான் இருந்தார். வயது எண்பத்து நாலு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன, இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் மூன்று என்று டாக்டர் சொன்னது அந்த மாதத்தின் முதல் வாரத்தில். அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டாவில் வெள்ளரிக்கொடி காய்த்துத் தள்ளும் காலம் அது. அம்மாள் டாக்டரிடமிருந்து நேரே வீட்டுக்கு வந்தார், கைப்பையை நாற்காலியில் வைத்தார், தோட்டத்தில் இறங்கி விரல் நீளக் காயாகப் பார்த்துப் பறித்தார். மறுநாள் மூன்று வாளியும் சர்ச்சுக்குப் போயின. அதற்கு மறுநாள் அவரே பெட்டியைக் கட்டிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனார். ஊறுகாய்க்கு இடம் பார்த்த பிறகுதான் தனக்கு இடம் பார்த்தார் என்று ஊரில் பெருமையாகச் சொன்னார்கள்.

வாளி என்றால் ஐஸ்கிரீம் வாங்கின பிளாஸ்டிக் வாளி. நார்டாலில் ஐஸ்கிரீம் தீர்ந்த பிறகுதான் வாளிக்கு வாழ்க்கையே தொடங்குகிறது. மூடியில் காகித டேப்பை ஒட்டி, பட்டையான பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: ‘ஆர்டிஸ். என் அடக்கத்துக்கு. அதுவரை யாரும் தொட வேண்டாம்.’

யாரும் தொடவில்லை. நாற்பது வருடமாக அந்தச் சபையில் யார் போனாலும், கல்லறையிலிருந்து திரும்பிக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வருகிறவர்களுக்கு ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கு, ஜெல்லி, காபி, ஆர்டிஸ் அம்மாள் ஊறுகாய். போனவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் அகப்படாத அடக்கங்களில் ஊறுகாயைப் பற்றிச் சொல்லிச் சமாளித்தார்கள்.

அந்த ஊறுகாய்க்கு ஒரு சரித்திரமும் உண்டு. குன்ஹில்ட் என்கிற பெரிய அத்தை ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில் நார்வேயிலிருந்து கப்பலேறியபோது வேதாகமத்துக்குள் மடித்துக் கொண்டுவந்த பக்குவம் அது. பக்குவத்தின் கடைசி வரி, ‘மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைக்கவும்.’ எண்பத்தொன்பதில் குன்ஹில்டுக்கு ஃப்ரிட்ஜ் எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது மரியாதையில்லை. சபை வெளியிட்ட சமையல் புத்தகத்தின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் பக்குவம் முழுதாக அச்சாகியிருக்கிறது. அதில் ஏதோ ஒன்றை அம்மாள் வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்பது ஊரறிந்த விஷயம். விட்டது கிராம்பு என்று ஒரு கட்சி, திராட்சை இலை என்று ஒரு கட்சி.

மார்டெல் ஸ்டென்ஸ்ருட் கிராம்புக் கட்சி. வயது அறுபத்தாறு. அம்மாள் படுத்ததிலிருந்து அடக்கச் சாப்பாடு அவள் பொறுப்பில் இருந்தது. சமையலறைக் கதவில் அவளே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தாள்: ‘மார்டெல் ஸ்டென்ஸ்ருட், சமையலறைத் தலைவி (தற்காலிகம்).’ அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும் கொஞ்சம் பொடி எழுத்தில் போட்டிருந்தாள். ஆர்டிஸ் அம்மாள் அடக்கம் நல்லபடி முடிந்தால், மறுநாள் கூடும் சபைக் கமிட்டி அடைப்புக்குறியை எடுத்துவிடும். பாஸ்டரே ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

மற்றவர்களுக்கு அந்தப் பதவி வெறும் ஒரு சாவிக்கொத்து. மார்டெலுக்கு அப்படியில்லை. இருபத்து நாலு வருடமாக அவள் காபி மட்டும்தான் போட்டிருக்கிறாள். காரணம் எல்மர் ஹௌகன் அடக்கம். அன்று மார்டெல் செய்த முட்டை சாலட்டைத் தின்று பதினெட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள், போனவரின் மனைவி உட்பட. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நார்டாலில் சொல்ல மாட்டார்கள். அடுத்த அடக்கத்தின்போது ஆர்டிஸ் அம்மாள் அவள் தோளில் கை வைத்து, “நீ காபியைப் பாத்துக்கோம்மா, உனக்கு அதுதான் சுலபம்” என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு முட்டை, க்ரீம், மயோனைஸ் எதுவும் அவள் கைக்கு வரவில்லை. சபை விருந்துக்கு அவள் ஏதாவது சமைத்துக் கொண்டுவந்தால் ஆளுக்கு ஒரு கரண்டி மரியாதையாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொள்வார்கள். பிறகு குப்பை வாளியைக் கொட்டப் போகும்போது, அந்தக் கரண்டிகள் எல்லாம் குட்டிக் குட்டிக் குவியலாக உள்ளே கிடப்பதை மார்டெல் பார்ப்பாள்.

தவறு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் கீழ்த்தளத்தில் நூறு கப் காபி பாய்லருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஒரே லைன். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஃப்யூஸ் போய்விடும். ஃப்யூஸ் போனால் மேலே ஆர்கன் நின்றுவிடும், ஞானப்பாட்டின் இரண்டாம் சரணத்தில் சபை தனியாக விடப்படும். தனி லைன் இழுக்க வேண்டும் என்று கமிட்டி பதினேழு வருடமாகத் தீர்மானம் போட்டு வருகிறது. அதனால் வழக்கம் இதுதான்: காபி போடும்போது ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கு, காபி ஆனதும் மாட்டு. இருபத்து நாலு வருடமாக மார்டெல் பிடுங்கி மாட்டியிருக்கிறாள். அந்த ஞாயிறு பிடுங்கினாள், மாட்டவில்லை. கதவிலிருந்த அறிவிப்பு கோணலாக இருப்பதாகத் தோன்றி அதை நாலு முறை எடுத்து எடுத்து ஒட்டினாள். அதில் பிளக் மறந்துபோயிற்று.

வெயில் தொண்ணூற்றைந்து டிகிரி. புதன்கிழமை வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தபோது முகத்தில் அடித்தது குளிரில்லை. முதல் வாளியின் மூடியை எடுத்தாள். உப்புத் தண்ணீர் மோர் மாதிரி கலங்கி, மேலே நுரை கட்டியிருந்தது. ஒரு துண்டை எடுத்து அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று. இரண்டாவது வாளியும் அப்படி. மூன்றாவதும் அப்படி. பிறகுதான் தரையைப் பார்த்தாள். பிளக் அங்கே கிடந்தது.

பிளக்கை மாட்டினாள். கதவைத் தாழிட்டாள். மூன்று வாளியையும் பின்வாசல் வழியாகச் சர்ச் தோட்டத்துக் குப்பைக் குழியில் கொண்டுபோய்க் கவிழ்த்து, மேலே புல்லைப் போட்டு மூடினாள். முட்டை சாலட்டுக்கு இருபத்து நாலு வருடம் காபி என்றால், சாகப்போகிறவள் தன் அடக்கத்துக்கென்று போட்ட ஊறுகாயைக் கெடுத்ததற்கு எத்தனை வருடம் என்று யோசித்தாள். தனக்கு அவ்வளவு ஆயுசு இருக்காது என்று பட்டது.

வீட்டுக்குப் போனதும் புருஷன் டுவேனை நாற்காலியிலிருந்து எழுப்பினாள்.

“வண்டியை எடு. ஆர்டிஸ் வீட்டுத் தோட்டத்துக்குப் போகணும்.”

“எதுக்கு?”

“வெள்ளரிக்கா பறிக்க.”

“நம்ம தோட்டத்துலயே காலை வைக்க இடமில்லாம கெடக்கே.”

“நம்மளுது நம்மளுது, அவங்களுது அவங்களுது.”

டுவேன் தொப்பியை எடுத்துக்கொண்டார். நாற்பத்து மூன்று வருடக் கல்யாணத்தில் அவர் இரண்டாவது கேள்வி கேட்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார். ஆனால் தோட்டத்தில் குனிந்தபோது மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும்.

“இது திருட்டு மாதிரி இல்ல?”

“செத்தவங்க வீட்டுல எடுத்தாத்தான் திருட்டு. அவங்க உயிரோட இருக்காங்க.”

“அது இன்னும் மோசம்னு நெனச்சேன்.”

“பேசாம பறி. முழங்கை தண்டிக்கு மஞ்சளா இருக்கறதெல்லாம் வேணாம். இலைக்கு அடியில பாரு, பிஞ்சா இருக்கும்.”

மார்டெலுக்கு ஒரு கணக்கு இருந்தது. காய் ஆர்டிஸுடையது, சதகுப்பை ஆர்டிஸ் தோட்டத்தில் விளைந்தது, வாளி ஆர்டிஸுடையது, பக்குவம் ஆர்டிஸுடையது. கை ஒன்றுதான் வேறு. ஐந்தில் நாலு பங்கு ஆர்டிஸ் போட்ட ஊறுகாய் என்று சத்தியமே பண்ணலாம். இந்தக் கணக்கை அவள் டுவேனிடம் சொல்லவில்லை.

காய்களை ஐஸ் தண்ணீரில் இரண்டு மணி நேரம் போட்டாள். கழுவி, இரண்டு நுனியையும் வெட்டித் தள்ளி, ஒவ்வொன்றையும் நெடுக நாலாகப் பிளந்தாள். புத்தகத்தின் முப்பத்தொன்றாம் பக்கம் ஜன்னலில் சாய்ந்து நின்றது. வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்றரைப் பங்கு, கல்லுப்பு, கைப்பிடிச் சர்க்கரை. கொதிக்க வைத்து ஆறவிட்டாள். சாப்பாட்டு மேசை உப்பைப் போட்டால் தண்ணீர் கலங்கும், கலங்கின தண்ணீரை அவள் அன்றைக்கு ஏற்கெனவே போதுமான அளவு பார்த்திருந்தாள். வாளியின் அடியில் பூவும் விதையுமாகச் சதகுப்பைக் கொத்து, நசுக்கின பூண்டு, கடுகு, மிளகு. அதன் மேல் காயை நெருக்கி நிற்க வைத்து, உப்புத் தண்ணீரை முழுகும்வரை ஊற்றி, காய் மேலே மிதந்து வராதபடி ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கினாள். கிராம்பு டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு வாளிக்கு மூன்று கிராம்பு என்று போட்டாள். அப்புறம் பயந்துபோய்க் கரண்டியால் துழாவி ஒன்பதையும் வெளியே எடுத்தாள்.

கடைசி வேலை டேப். வாளிகளைக் கழுவியபோது பழைய டேப் ஊறிக் கிழிந்துவிட்டிருந்தது. மார்டெல் பழைய செய்தித்தாளில் பதினைந்து முறை எழுதிப் பழகினாள். ஆர்டிஸ் அம்மாள் எழுத்து முரட்டுத்தனமாக, கடைசி எழுத்து கொஞ்சம் சரிந்து நிற்கும். ‘என் அடக்கத்துக்கு’ என்று எழுதும்போது மட்டும் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. டுவேன் எட்டிப் பார்த்து, “அச்சு அசல்” என்றார்.

அம்மாள் அன்றைக்கே போய்விட்டாலும் அடக்கம் திங்கட்கிழமைக்கு முன்னால் வராது. சனிக்கிழமைக்குள் ஊறுகாய் தயாராகிவிடும். நாளை எண்ணிப் பார்த்த பிறகு மார்டெல் நிம்மதியாக இருந்தாள், முதியோர் இல்லத்து நர்ஸ் தொலைபேசியில் கூப்பிடும்வரை.

“ஆர்டிஸ் ஒண்ணு கேக்கறாங்க. அவங்க வாளியிலேருந்து ஒரு துண்டு வேணுமாம். நாளைக்கு சர்ச் முடிஞ்சு வர்றப்ப கொண்டுவர முடியுமா?”

“உப்பு சேக்கலாமா, டாக்டர் என்ன சொல்றார்?”

“இனிமே எதுவும் சேக்கலாம்னுட்டார்.”

ஞாயிறன்று மார்டெல் பழைய மார்ஜரின் டப்பா ஒன்றில் இரண்டு துண்டை எடுத்துக்கொண்டு போனாள். அம்மாள் கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தார். பாதியாகச் சுருங்கியிருந்தார், ஆனால் தலை சீவி, உதட்டுச் சாயம் பூசியிருந்தார்.

“அறிவிப்பு ஒட்டியிருக்கியாமே” என்றார்.

“தற்காலிகம்னுதான் போட்டிருக்கேன்.”

“பொடி எழுத்துலன்னு லவோன் சொன்னா.”

லவோன் ட்வெட் சமையலறையில் பன் வெட்டுகிறவள். இல்லத்துக்கு வாரம் மூன்று முறை வந்து போவாள், எதையும் மறக்காமல் சொல்லிவிட்டுப் போவாள். மார்டெல் டப்பாவைத் திறந்து நீட்டினாள். அம்மாள் ஒரு துண்டை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கடித்தார். நறுக்கென்று சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் மென்றார்.

“மோசமில்ல” என்றார்.

நார்டாலில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. கல்யாணத்துக்கும் அதுதான், நோபல் பரிசுக்கும் அதுதான். மார்டெல் மூச்சை விட்டாள்.

“ஆனா என்னோடது இல்ல.”

“என்ன சொல்றீங்க. உங்க வாளிலேருந்துதான் எடுத்தேன்.”

“வாளி என்னோடதா இருக்கும். நான் பூ உதிர்ந்த பக்கத்தை மட்டும்தான் வெட்டுவேன். காம்புப் பக்கத்தை விட்டுடுவேன், பிடிச்சுத் திங்க வாகா இருக்கும். இது ரெண்டு பக்கமும் மொட்டையா இருக்கு. நாப்பது வருஷம் தின்னிருக்க, பாத்ததில்லையா?”

மார்டெல் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை.

“மருந்து சாப்பிடறதுனால உங்களுக்கு நாக்கு...”

“மருந்து நாக்கைத்தான் கெடுக்கும். கத்தி பிடிச்சு வெட்டுமா?” அம்மாள் இன்னொரு கடி கடித்தார். “பிளக்கை மாட்ட மறந்துட்ட, அதானே.”

மார்டெல் மடியிலிருந்த டப்பா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆமாம் என்றாள். எத்தனை நாள் என்று அம்மாள் கேட்டார். மூன்று நாள் என்றாள். எங்கே கொட்டினாய் என்று கேட்டார். அதையும் சொன்னாள்.

“அழாதே. நடக்கறதுதான். எல்மர் ஹௌகன் அடக்கத்துக்கு நானும்தான் மறந்தேன்.”

மார்டெல் மூடியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“எதை மறந்தீங்க?”

“பிளக்கை. மொத நாள் சாயங்காலம் கமிட்டிக்குக் காபி போட்டேன், பிடுங்கினேன், வீட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்துதான் பாத்தேன். மாட்டிட்டு, தொட்டுப் பாத்தேன், அவ்வளவு மோசமா தெரியல.”

“என் முட்டை சாலட் உள்ள இருந்துது.”

“ஆமா, பெரிய பாத்திரம்.”

“பதினெட்டுப் பேர், ஆர்டிஸ்.”

“பத்தொம்போது. நானும் ரெண்டு கரண்டி தின்னேன்.”

“இருவத்து நாலு வருஷம் என்னைக் காபி போட வெச்சீங்க.”

“நல்ல காபிதான்” என்றார் அம்மாள்.

மார்டெல் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. சாகப்போகிறவர் முன்னால் கத்துவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கடைசியில், “இதை நீங்க எல்லாருக்கும் சொல்லணும்” என்று மெதுவாகத்தான் சொன்னாள்.

“நான் போனப்புறம் நீ சொல்லிக்கோ. உயிரோட இருக்கறப்ப எனக்குக் கூச்சமா இருக்கும்.”

“அப்ப எழுதியாவது குடுங்க.”

“கை நடுங்குது.”

உதட்டுச் சாயம் பூசியபோது நடுங்காத கை என்று மார்டெல் நினைத்தாள்.

“அந்த ஊறுகாயை என்னோடதுன்னே வெச்சுடு” என்றார் அம்மாள். “என் அடக்கத்துல என் ஊறுகா இல்லேன்னா ஜனங்க என்ன பேசும்?”

போகிறபோது மார்டெல் கதவருகே நின்றாள். ஆத்திரத்தையும் மீறி அது வாயில் வந்துவிட்டது.

“புத்தகத்துல விட்டது கிராம்புதானே?”

“நான் ஒண்ணும் விடலையே. விட்டேன்னு நீங்களா பேசிக்கிட்டீங்க. நான் எதுக்கு மறுக்கணும்?”

“குன்ஹில்ட் பெரியத்தை?”

“அவளுக்கு வெள்ளரிக்கா ஆகாது. வாயு” என்று அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆர்டிஸ் க்வாமி அம்மாள் செவ்வாய்க்கிழமை போனார். டாக்டர் சொன்ன கெடுவுக்குள்தான். அடக்கம் சனிக்கிழமை. மார்டெல் நாலு நாளும் யோசித்து வைத்திருந்தாள்: அடக்கம் முடியட்டும், மரியாதையாக, ஒரு சொட்டு ஆத்திரமில்லாமல், கமிட்டியில் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது. அதற்கு இரண்டு வாக்கியம் கண்ணாடி முன்னால் நின்று தயார் பண்ணியிருந்தாள்.

ஆனால் சனிக்கிழமை வேறு மாதிரி போயிற்று. மேலே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. சமையலறை ஒலிபெருக்கியில் பாஸ்டர் குரல் கேட்டது. மார்டெல் பாய்லருக்குக் காபிப் பொடியை அளந்து போட்டுக்கொண்டிருந்தாள். லவோன் ஊறுகாயைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டே ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். கண்ணைத் துடைத்தாள்.

“நம்ம ஆர்டிஸ்... இத்தனை வருஷத்துல இந்த மாதிரி போட்டதே இல்ல. போறப்ப எல்லாத்தையும் இதுல எறக்கி வெச்சுட்டுப் போயிருக்காங்க.”

மார்டெல் கரண்டியைப் பிடித்த கையோடு நின்றாள். ஒலிபெருக்கியில் பாஸ்டர், நார்வேயின் கடலோரத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று கீழே நாம் ருசிக்கப்போவது அந்தக் கையின் கடைசி வேலை என்றார். இனி ஒருவராலும் அந்த ருசியைக் கொண்டுவர முடியாது என்றார். மேலே யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

“அது நான் போட்டது” என்றாள் மார்டெல்.

“என்ன?”

“ஊறுகா. நான் போட்டது. ரெண்டு பக்கமும் வெட்டியிருக்கு பாரு.”

லவோன் தட்டைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். “துக்கத்துல இருக்க. உக்காரு.”

“துக்கமில்ல லவோன். போன வாரம் புதன்கிழமை, எங்க வீட்டுல, நான் போட்டது.”

“டேப்புல ஆர்டிஸ் எழுத்து இருக்கு.”

“அது என் எழுத்து.”

லவோன் கையை விட்டாள். வாளியின் மூடியை எடுத்துப் படித்தாள். ‘என் அடக்கத்துக்கு’ என்பதை இரண்டு முறை படித்தாள்.

“உயிரோட இருந்தவங்க கையெழுத்தை நீ...” என்றாள். “அப்ப ஆர்டிஸ் போட்டது எங்க?”

“கெட்டுப்போச்சு. பிளக்கை மாட்ட மறந்துட்டேன். ஆனா எல்மர் ஹௌகன் அடக்கத்துல மறந்தது நானில்ல, ஆர்டிஸ். என் முட்டை சாலட்ல ஒரு குத்தமும் இல்ல. அவங்களே சொன்னாங்க.”

“யார்கிட்ட?”

“என்கிட்ட.”

“கூட யார் இருந்தா?”

மார்டெல் கரண்டியைக் காபிப் பொடிக்குள் குத்தி வைத்தாள்.

லவோன் மூடியை வாளியின் மேல் வைத்து, நாலு பக்கமும் நிதானமாக அமுக்கி மூடினாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகப் புரிந்துகொண்டு வந்தது. மார்டெல் புரியவைக்க நினைத்தது அதுவல்ல.

“அப்படின்னா அன்னிக்கும் பிளக்தானா” என்றாள் லவோன். “நாங்க இத்தனை வருஷமா முட்டைதான் பழசுன்னு நெனச்சோம். பாவம் நீ, மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்க.”

“நான் மறக்கல. அவங்க மறந்தாங்க.”

“மார்டெல். அவங்க இப்ப நம்ம தலைக்கு மேல படுத்திருக்காங்க.”

நிஜம்தான். சவப்பெட்டி வைத்திருந்த இடம் சமையலறைக்கு நேர் மேலே. இருவரும் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார்கள்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று லவோன் அவள் தோளைத் தட்டினாள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். மேலே ஆர்கன் ஒலிக்கத் தொடங்கியிருந்தது. மார்டெல் பாய்லரை மூடி, ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவிட்சைப் போட்டாள்.

லவோன் சொன்ன சொல்லை எத்தனை நேரம் காத்தாள் என்று தெரியாது. கல்லறையிலிருந்து திரும்பி எழுபது பேர் பன்னை முடித்து இனிப்புக்கு வருவதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் பின் ஒருவராகச் சமையலறை ஜன்னலுக்கு வந்து, அவள் கையைத் தொட்டு, நல்ல வெயில் என்றும் சோளம் நன்றாக வந்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். பாஸ்டரும் வந்தார். தேவன் எல்லாவற்றையும் மன்னிக்கிறார் என்று எதைப் பற்றி என்று சொல்லாமல் சொன்னார். ஊறுகாய்த் தட்டுகள் காலியாகித் திரும்பின. ஒரு தட்டில் மட்டும் கடைசித் துண்டு மிச்சமிருந்தது. கடைசித் துண்டை எடுக்கக் கூச்சப்பட்டு ஒருவர் பாதியாக வெட்டி எடுத்திருந்தார், அடுத்தவர் அதில் பாதி, அதற்கடுத்தவர் அதில் பாதி. நகக்கண் அளவுக்குத் திரும்பி வந்த அதை மார்டெல் வாயில் போட்டுக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி, மார்டெல் சமீபத்தில் ரொம்பச் சிரமப்பட்டுவிட்டாள் என்பதைக் கருத்தில் கொண்டு, சமையலறையை லவோனிடம் ஒப்படைத்தது. மார்டெல் தயார் பண்ணி வைத்திருந்த இரண்டு வாக்கியத்துக்கு நிகழ்ச்சி நிரலில் இடம் வரவில்லை. லவோன் தன் பெயரை எழுதி ஒட்டினாள், அடைப்புக்குறி இல்லாமல். காபி மார்டெலிடமே இருக்கட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பாஸ்டர் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். எழுதச் சொல்லிவிட்டு அவர் தன் கோப்பையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். முந்தின நாள் நினைவு வந்திருக்க வேண்டும்.

அடக்கத்தன்று லவோனிடம் பேச ஆரம்பித்தபோது மார்டெல் ஒன்பதாவது கரண்டிப் பொடியில் இருந்தாள். அந்தப் பாய்லருக்கு இருபத்தாறு வேண்டும். மீதிப் பதினேழை அவள் போடவே இல்லை. எழுபது பேரும் குடித்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. காபி வெறும் வெந்நீராக இருந்தது.